வழுக்கி விழுந்த ஊர்

குருவிமடையில் அன்று காலையில் சேவல் கூவியது, பால்காரர் மணியடித்தார், முதல் பஸ் வழக்கம்போலத் தாமதமாக வந்தது, ஊரிலிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் வலதுகையில் மாவுக்கட்டோடு எழுந்தார்கள். முழங்கைக்கு மேலே தொடங்கி விரல்நுனி வரைக்கும் வெள்ளையாக, ஈரம் காயாமல், சுண்ணாம்பு வாடையோடு, கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கவிட்ட துணியோடு, அரசாங்க ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவது மாதிரியே அது இருந்தது. வலி இல்லை, கனம் மட்டும்தான். பல் துலக்கப் போனவர்கள் பிரஷ்ஷை எடுக்கக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, சரி போகட்டும் என்று இடதுகையால் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் வந்திருக்கிறதா என்று சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். வந்திருந்தது. அதில் பாதிக் கவலை போய்விட்டது.

ஏன் வந்தது என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஊரிலுள்ள எல்லாப் போனுக்கும் ஒரு போட்டோ வந்தது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே, வலதுகையில் மாவுக்கட்டோடு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பரோட்டா மாஸ்டர் ஆவுடையப்பன் நின்றுகொண்டிருந்தார். கார் நிறுத்திப் பரோட்டா சாப்பிட்ட ஒரு பெரிய இடத்து அம்மாளின் சங்கிலியைக் காணவில்லை, மாஸ்டரைச் சந்தேகத்தின் பேரில் கூட்டிக்கொண்டு போனார்கள், போன இடத்தில் ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது என்று போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பாத்ரூமில் சோப்புப் போட்டது யார் என்று ஒருவர் எழுதினார். பரோட்டாவைப் புரட்டியவரை பாத்ரூம் புரட்டிவிட்டது என்று இன்னொருவர் எழுதினார். பம்பாயில் கடை வைத்திருக்கும் குருவிமடைக்காரர்கள் வரைக்கும் அந்தப் போட்டோ போனது, அங்கேயும் சிரித்தார்கள், அங்கேயும் மறுநாள் கட்டோடுதான் எழுந்தார்கள்.

ஆவுடையப்பனின் மனைவி செண்பகவடிவு மட்டும் அந்தச் சாயங்காலம் சிரிக்கவில்லை. அவள் அடுப்புப் பற்றவைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் போன் கிணுங்குவதும் அதன் பின்னாலேயே சிரிப்பு கிளம்புவதும் ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் அந்தத் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகச் சோற்றுச் சட்டியோடு போனவள் அவள். அவளுக்கு ஒரு வாய் சோறு கொண்டுவந்து கொடுக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. காலையில் எழுந்து கண்ணைக் கசக்கியபோது அவளுடைய இரண்டு கைகளும் வெறுமனே இருந்தன.

முதல் சில நாட்கள் ஊர் வைத்தியத்துக்கு அலைந்தது. எலும்பு ஒடிந்தால் கட்டுப் போடும் வைத்தியர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார், அவரிடம் வேன் பிடித்துப் போனார்கள். அவர் சின்ன ரம்பத்தால் கட்டை அறுத்து எடுத்தார், எல்லாரும் கையை வீசிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள், டிக்கெட்டுக்குக் கையை நீட்டும்போது கட்டு திரும்ப வந்துவிட்டிருந்தது, போனதைவிடக் கொஞ்சம் கனமாக. சுகாதாரத்துறையிலிருந்து வந்தவர்கள் இது தண்ணீரால் வந்த ஒவ்வாமை என்று சொல்லி மஞ்சள் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, மக்கள் வதந்தியை நம்ப வேண்டாம் என்று மேலதிகாரிகள் பேப்பரில் அறிக்கை விட்டார்கள், அந்தப் பேப்பரை ஊர்க்காரர்கள் இடதுகையால் பிடித்துப் படித்தார்கள்.

பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகாது? சலூன்காரர் இடதுகையால் சவரம் செய்யப் பார்த்து ஒரு காதைக் கீறிவிட்டதால் ஊரே தாடி வளர்த்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளை கட்டுக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, அவன் அக்காளும் கட்டுக்கையோடு நிற்க, தாலி முடிச்சு விழுவதற்குள் மேளக்காரர்கள் மூச்சு வாங்கிப் போனார்கள். கும்பிட வேண்டிய இடத்தில் ஒரு கையை மட்டும் நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்தார்கள், சாமியும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கட்டின்மேல் பெயிண்ட் அடித்துக் கட்சிச் சின்னம் வரைந்துகொண்டவர்கள்கூட உண்டு.

ஆனால் சோறு மட்டும் யாருக்கும் பழகவில்லை. சோற்றுக்கை என்று ஒரு கைக்கு ஊர் பேரே வைத்திருக்கிறது, அதை விட்டுவிட்டு மற்ற வேலைக்கான கையால் எப்படிச் சாப்பிடுவது? ஸ்பூனில் அள்ளிப் பார்த்தார்கள், ருசி நாக்கோடு நின்றுவிட்டது, வயிற்றுக்குப் போகவில்லை. குழம்பையும் சோற்றையும் பிசைய ஆள் இல்லாமல் எல்லாரும் தட்டு முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஊரில் பிசையக்கூடிய பெரியவர் கை இரண்டே இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது என்பது தெரியவந்தது. ஒன்று வடிவின் கை. இன்னொன்று ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரின் கை. வடிவு வலித்ததால் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் சிரிக்காததற்குக் காரணம் வேறு, அவருக்கு அது தினசரி வேலை, வேலையில் சிரிக்க என்ன இருக்கிறது? தப்பில் பங்கிருந்தும் கொஞ்சமாவது கூச்சம் மிச்சமிருக்கும் கையில்தான் அந்தக் கட்டு வந்து உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டர் அந்த வெறுங்கையால் மீசையைத் தடவிக்கொண்டு பஜாரில் ஜீப்பில் போனார்.

முதலில் வந்தவள் தையல்காரி அமலோற்பவம். அவளுடைய கடைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். கட்டுக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடதுகையில் ஒரு தூக்குவாளியோடு வாசலில் நின்றாள்.

“ஏட்டி வடிவு, உன் மூஞ்சியில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா வயிறு கேக்க மாட்டேங்கு.”

வடிவு அவளையே பார்த்தாள். திட்ட வேண்டும் என்று இருந்தது. அமலோற்பவத்தின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, முந்தானை தோளில் நிற்காமல் சரிந்து கிடந்தது. வடிவு எழுந்து அவளுடைய முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு, தூக்குவாளியைத் திறந்து, புளிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு உருண்டை நீட்டினாள். அமலோற்பவம் வாங்கி மென்றாள், மெல்லும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காரம் என்று சொன்னாள். குழம்பில் காரமே இல்லை.

அதற்குப் பிறகு தெருவே வந்தது. டீக்கடை பலவேசம் அண்ணாச்சி வந்தார், தலைமுடியைச் சிக்கெடுக்கப் பெண்கள் வந்தார்கள், திருநீறு பூசிவிடச் சொல்லிப் பூசாரியே வந்தார். வடிவு யாரையும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஆவுடையப்பன் சேரன்குளம் சப்-ஜெயிலில் இருந்தார். அவள் காலையில் ஊருக்குச் சோறு பிசைந்துவிட்டு மத்தியான பஸ்ஸில் அவரைப் பார்க்கப் போவாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பார். அவருடைய கட்டுக்குள்ளே மட்டும்தான் உண்மையாகவே எலும்பு உடைந்திருந்தது, அது ராத்திரியும் பகலும் வலித்தது.

“புகார் அது இதுன்னு போகாத வடிவு. வெளிய வந்து வேற ஊருக்குப் போயிருவோம்” என்பார் அவர்.

“எந்த ஊருக்குப் போனாலும் அங்க ஒரு ஸ்டேஷன் இருக்கும்லா?” என்பாள் இவள்.

சேரன்குளம் கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் ஹபீபாவின் அறை இருந்தது. வயசு குறைந்த பெண், அவளும் கட்டோடுதான் உட்கார்ந்திருந்தாள். வடிவு அதையே பார்ப்பதைக் கண்டு அவள் முகம் சிவந்துவிட்டது.

“நானும் சிரிச்சேன்க்கா. சட்டம் படிச்சவ நான், எனக்கே சிரிப்பு வந்துச்சு பாருங்க. மனுவை நான் சொல்லுதேன், நீங்க உங்க கையால எழுதுங்க.”

வடிவு எழுதினாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் இவ்வளவு எழுதியதில்லை. எழுத எழுத ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, “இது நெசமாவே சட்டத்துல இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் ஹபீபா. எத்தனையோ வருஷமாக இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்காததால் தூசி படிந்திருக்கிறது. ஆனால் புகார் மட்டும் போதாது, பார்த்தவர்கள் கேட்டவர்கள் வந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாத்ரூம்தான் ஜெயிக்கும் என்றும் சொன்னாள். அன்றைக்கு நடந்தது செவ்வாய்க்கிழமை நடுமத்தியானம், பஜார் முழுக்க ஆள் இருந்த நேரம். கேட்காதவர் யார்? ஆனால் சொல்லப்போகிறவர் யார்?

வீட்டுக்கு வந்ததும் ஆவுடையப்பனின் தங்கை கோமு இதைத்தான் பிடித்துக்கொண்டாள். அவள் வெளியூரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள், அண்ணனுக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டுக் கட்டுக்கையோடு வந்து இறங்கியிருந்தாள். போட்டோவில் இருப்பது யார் என்று பார்க்காமலேயே சிரித்துவிட்டாளாம், அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

“மதினி, உங்க கையில இப்ப ஊரே இருக்கு. சாட்சி சொல்ல வாரேன்னு சத்தியம் பண்ணினாத்தான் சோறுன்னு சொல்லுங்க. பட்டினி கிடந்து சாகட்டும்.”

வடிவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலையில் அவள் கதவைத் திறக்கவில்லை. வெளியே தட்டுகளோடும் வாளிகளோடும் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. வெயில் ஏறியது, அவர்கள் நிழல் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து கிடந்தது, பிறகு ஒவ்வொரு நிழலாகக் கிளம்பிப் போனது. சிரித்ததற்கு இது வேண்டும் என்று வடிவு தனக்குள் சொல்லிப் பார்த்தாள், அப்படிச் சொன்னபோது நெஞ்சு நிறையவில்லை, இன்னும் காலியாகத்தான் இருந்தது.

எல்லாரும் போன பிறகு ஒரு நிழல் மட்டும் போகவில்லை. ஒரு குழந்தை சிணுங்கும் சத்தமும் கேட்டது. வடிவு கதவைத் திறந்தாள். இடதுகையில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் நின்றாள்.

“யக்கா, பிள்ளையக் குளிப்பாட்டி நாளாச்சு. ஒத்தக் கையால முடியல. கழுத்து மடிப்பெல்லாம் புண்ணாப் போச்சு.”

“நீ போலீஸ்கார லிங்கதுரை வீட்டுக்காரிதான?”

“ஆமாக்கா. பொன்னரசி.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்க போன்னு சொன்னாப் போயிருதேன்.”

வடிவு குழந்தையின் கழுத்தைப் பார்த்தாள். உள்ளே போய் வெந்நீர் வைத்தாள். முற்றத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கி, இரண்டு காலையும் நீட்டி, குழந்தையைக் குப்புறக் கிடத்தி எண்ணெய் தடவினாள். இந்தப் பிள்ளையின் அப்பன் அன்றைக்கு ஆவுடையப்பனை அடித்த அறைக்குள் இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதை நினைத்துக்கொண்டேதான் மடிப்பு மடிப்பாகத் துடைத்தாள், அதை நினைத்ததால் இன்னும் கவனமாகத் துடைத்தாள். வெந்நீர் பட்டதும் குழந்தை வீரிட்டது. அதைச் சமாதானப்படுத்தக் கதை சொல்ல வேண்டுமே, அவளுக்கு அந்த நேரத்தில் வேறு கதை ஒன்றும் வரவில்லை, ஹபீபாவின் அறையில் எழுதியதுதான் வந்தது.

“ஒருத்தரப் பிடிச்சிட்டுப் போனா எதுக்குப் பிடிக்கோம்னு சொல்லணுமாம் கண்ணு, அவுக வீட்டுக்குத் தகவல் சொல்லணுமாம் கண்ணு, ஒரு நாள் முடியதுக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தணுமாம் கண்ணு, வக்கீலப் பாக்க விடணுமாம், டாக்டர் பாக்கையில போலீஸ் பக்கத்துல நிக்கக் கூடாதாம், அடிக்கவே கூடாதாம், ஆரா இருந்தாலும் அடிக்கக் கூடாதாம்.”

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது. பொன்னரசியும் கேட்டாள்.

“எங்க வீட்ல அவுக சாப்பிடுததே இல்லக்கா. கட்டு இருக்குங்கதால இல்ல. நான் ஸ்பூன்ல ஊட்டினாலும் தொண்டையில இறங்க மாட்டேங்கு” என்றாள் அவள், குழந்தையை வாங்கிக்கொண்டு.

மறுநாள் வடிவு கதவை அகலத் திறந்துவைத்தாள். யாரையும் சத்தியம் கேட்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் பிசைந்து கொடுத்தாள், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது கதை சொல்வது எப்படியோ அப்படி, ஒவ்வொரு உருண்டைக்கும் ஒன்றாக அந்தச் சட்டத்தைச் சொன்னாள். ரசம் சோற்றுக்கு வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது, மோர்ச் சோற்றுக்கு வக்கீலைப் பார்க்கவிட வேண்டும் என்பது. கடைசி உருண்டைக்கு எப்போதும் ஒன்றேதான். பலவேசம் அண்ணாச்சிக்கு அதுதான் தொண்டையில் சிக்கியது.

“திருடனா இருந்தாலும் அடிக்கக் கூடாதா தாயி?”

“கூடாது அண்ணாச்சி.”

“கொல பண்ணினவனா இருந்தா?”

“அப்பவும் கூடாதாம். தண்டனை குடுக்குறது கோர்ட்டு வேலையாம். அவுக வேலை கொண்டுபோய் நிறுத்துறதுதானாம்.”

அண்ணாச்சி அந்த உருண்டையை ரொம்ப நேரம் மென்றுகொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் தெருமுனையில் நின்று அதையே பேசினார்கள். நேற்று நான் வராததால் விட்டுப்போனது எது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சட்டம் அப்படித்தான் குருவிமடையில் வயிற்றுக்குள் போயிற்று.

இதற்கிடையில் சேரன்குளத்து மாஜிஸ்ட்ரேட் அம்மாவும் சிரமத்தில்தான் இருந்தார். ஆவுடையப்பனை அவர் முன்னால் நிறுத்திய அன்றைக்கு, வழக்கம்போல நிமிராமலே “போலீஸ் அடிச்சாங்களா?” என்று கேட்டிருந்தார். இரண்டு பக்கமும் போலீஸ் நிற்க, “இல்லம்மா, வழுக்கி விழுந்துட்டேன்” என்று பதில் வந்தது, கோர்ட்டில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள், அவருக்கும் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் இடதுகையால் கையெழுத்துப் போட்டார். இடதுகைக் கையெழுத்து சீக்கிரம் முடியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்த வேண்டியிருந்தது, நிறுத்தியபோது நிமிர வேண்டியிருந்தது, நிமிர்ந்தபோது எதிரே நிற்பவர்களின் முகம் தெரிந்தது. இத்தனை வருஷம் கோணலான மூக்குகளையும் வீங்கிய பாதங்களையும் தாண்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனோமே என்று அவருக்குப் பதறியது. வடிவின் கையெழுத்தில் வந்த மனுவைப் படித்ததும், தானே நேரில் வந்து விசாரிப்பதாக உத்தரவு போட்டார்.

அவர் வந்த காலையில் ஸ்டேஷன் முன்னால் ஊர் கூடிவிட்டது. வெள்ளைக் கட்டுகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. ஹபீபாவுக்குப் பக்கத்தில் வடிவு நின்றாள். ஆவுடையப்பனை ஜெயிலிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். இன்றைக்கு ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அவர் பொய் சொன்னவராகத் திரும்பிப் போவார், இன்ஸ்பெக்டரின் கைக்குள் திரும்பப் போவார் என்பது அவளுக்குத் தெரியும்.

“முதல்ல அந்த பாத்ரூமைக் காட்டுங்க” என்றார் மாஜிஸ்ட்ரேட்.

இன்ஸ்பெக்டர் பின்பக்கம் கூட்டிப்போய்க் கதவைத் தள்ளினார். கதவு பாதிதான் திறந்தது. உள்ளே பிடிபட்ட சைக்கிள்களும் லாரி டயர்களும் சாராய கேன்களும் கூரை வரைக்கும் அடைந்து கிடந்தன, குழாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஸ்டேஷன்காரர்கள் வருஷக்கணக்காகப் பஸ் ஸ்டாண்டு பாத்ரூமுக்குத்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. எல்லாரும் சிரித்தபோது மட்டும் அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

“இதுக்குள்ள எங்க நின்னு வழுக்கினார்? நீங்க கொஞ்சம் நின்னு காட்டுங்க.”

இன்ஸ்பெக்டர் ஒரு காலை வைத்தார். மேலேயிருந்து ஒரு சைக்கிள் சக்கரம் சரிந்து அவர் தொப்பியைத் தட்டிவிட்டது. முன்பானால் ஊர் அதற்கு ஒரு வாரம் சிரித்திருக்கும். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டு, வலதுகையை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

“மேடம், ஊர்ல ஒவ்வொருத்தர் கையையும் பாருங்க, என் கையையும் பாருங்க. சுத்தமா இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

மாஜிஸ்ட்ரேட் தன் கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அன்னைக்கு யாராவது ஏதாவது கேட்டீங்களா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் தரையைப் பார்த்தது. பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கி, கிளம்பிப் போனது. வடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் கேட்டேன்.”

அமலோற்பவம்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் இருந்தேன்மா. அந்தத் தம்பி அலறுனது காதுல விழுந்துச்சு. கேக்கக் கூடாதுன்னு மிஷினை மிதிச்சேன். ஊசிக்கு அடியில துணியே இல்ல. வெறும் மிஷினை மிதிச்சேன், அலறல் நிக்கிற வரைக்கும் மிதிச்சேன்.”

“நான் ரேடியோவைக் கூட்டி வச்சேன்” என்றார் பலவேசம் அண்ணாச்சி. “பாட்டு ஓடல, விளம்பரம் ஓடுச்சு. அதைப் போய்க் கூட்டி வச்சேன்.”

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடையின் ஷட்டரை இறக்கியவர், பிள்ளையின் காதைப் பொத்தியவள், கோயில் மணியை நேரம் தவறி அடித்த பூசாரி, எல்லாரும் வந்தார்கள். சொன்னால் கட்டு கழன்று விழும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள் போல, சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டார்கள். விழவில்லை. விழவில்லை என்று கண்ட பிறகும் அடுத்தவர் வந்து சொன்னார். அதைத்தான் வடிவு சாகும்வரை மறக்கமாட்டாள்.

கடைசியில் ஸ்டேஷன் படியிலிருந்து போலீஸ்காரர் லிங்கதுரை இறங்கி வந்தார். கூட்டத்தின் நடுவே பொன்னரசி குழந்தையோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தாம்மா காலைப் பிடிச்சுக்கிட்டேன். ஐயா பிடின்னாங்க, பிடிச்சேன். அவரு என்னைப் பாத்து, தம்பி, இந்தக் கையை மட்டும் விட்டுரச் சொல்லுங்கன்னாரு. அந்தக் கையால போட்ட பரோட்டாவை நான் தினமும் தின்னுருக்கேன்மா. நான் ஒண்ணும் சொல்லல. ஐயா அந்தக் கையைத்தான் அடிச்சாங்க.” அவர் பெல்ட்டைக் கழற்றக் கையை வைத்தார், ஒரு கையால் முடியவில்லை. “என் மேலயும் எழுதுங்கம்மா.”

மாஜிஸ்ட்ரேட் இடதுகையால் எழுதினார். நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல். அது முடிகிற வரைக்கும் ஊர் வெயிலில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது, அதனால் மெதுவாக நடந்தது. சங்கிலி அந்தப் பெரிய இடத்து அம்மாளின் கார் சீட்டுக்கு அடியிலேயே கிடைத்தது. கிடைத்திராவிட்டாலும் அடித்தது அடித்ததுதான் என்று மாஜிஸ்ட்ரேட் தன் உத்தரவில் எழுதினார். ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தார். இன்ஸ்பெக்டரைக் கைது செய்து வேறொரு கோர்ட்டில் நிறுத்தினார்கள். அங்கே நீதிபதி நிமிர்ந்து பார்த்து, போலீஸ்காரர்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, “உங்களை யாராவது அடிச்சாங்களா?” என்று கேட்டாராம். ஹபீபா வந்து இதைச் சொன்னதும் ஆவுடையப்பன் கேட்டார்:

“அடிச்சாங்களா?”

“இல்லண்ணே. அவர் இல்லைன்னுதான் சொன்னார். நெசமாவே இல்ல.”

“நல்லது” என்றார் ஆவுடையப்பன். அந்த ஒரு சொல்லைக் கேட்டபோது வடிவுக்குத் தன் புருஷன்மேல் கல்யாணமான புதிதில் இருந்ததைவிட ஆசையாக இருந்தது.

ஊரின் கட்டுகள் அப்போதும் விழவில்லை. அவருடைய எலும்பு கூடுகிற வரைக்கும் அவையும் காத்திருந்தன. ஒரு நாள் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆவுடையப்பனின் கட்டைப் பிரித்தார், அதே நேரத்தில் பஜாரிலும் வயலிலும் பஸ்ஸிலும் பம்பாய்க் கடைகளிலும் எல்லாக் கட்டுகளும் அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு நொறுங்கி விழுந்தன. தெருவெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. கைகள் மெலிந்து, வெளிறி, தோல் உரிந்து இருந்தன, ஆளாளுக்குத் தங்கள் கையையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஆவுடையப்பனின் எலும்பு கூடியிருந்தது, ஆனால் கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. இனி மாவை வீசி அடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் பரோட்டாக் கடையில் கல்லுக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சும்மா நின்றார். முதலில் பலவேசம் அண்ணாச்சி வந்து சட்டையைக் கழற்றிவிட்டு மாவில் கையை வைத்தார். பிறகு லிங்கதுரை வந்தார். வேலையிலிருந்து நீக்கிவைக்கப்பட்டு வழக்கை எதிர்பார்த்து நின்ற மனுஷன், ஆவுடையப்பன் முன்னால் வந்து நின்றார். ஆவுடையப்பன் ஒரு மாவு உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்து, “வீசி அடிங்க தம்பி, சொல்லித்தாரேன்” என்றார். தெம்பில்லாத கைகளால் ஊரே பரோட்டா அடித்தது. ஒன்று சதுரமாக வந்தது, ஒன்றில் ஓட்டை விழுந்தது, ஒன்று பறந்துபோய்ப் பூசாரியின் தோளில் உட்கார்ந்தது. அப்போது எல்லாரும் சிரித்தார்கள், ஆவுடையப்பன்தான் முதலில் சிரித்தார்.

அமலோற்பவம் ஒரு பரோட்டாவைப் பிய்த்து, சால்னா ஊற்றி, அந்த வெளிறிய கையால் பிசைந்து, ஒரு வாய் எடுத்து வடிவுக்கு நீட்டினாள்.

“எல்லாருக்கும் ஊட்டினியேட்டி. உனக்கு ஆரு ஊட்டினா? ஆ காட்டு.”

வடிவு வாயைத் திறந்தாள். மென்றுகொண்டே சுற்றிலும் பார்த்தாள். இவர்கள் சிரித்தவர்கள், இவர்கள் ரேடியோவைக் கூட்டியவர்கள், இவர்களே கட்டு விழாது என்று தெரிந்தும் வந்து நின்றவர்கள். நன்றி நன்றி என்று அவளுக்கு உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். நன்றாயிருங்கள் எல்லாரும், உங்கள் கைகள் நன்றாயிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் போன்கள் கிணுங்கின. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு கடை முழுக்க. எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். எங்கோ ஒரு ஸ்டேஷன் வாசலில், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், யாரோ ஒரு பையன் காலில் மாவுக்கட்டோடு நின்றான். தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து வழுக்கி விழுந்தான் என்று கீழே எழுதி, அதற்கும் கீழே வாய்விட்டுச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக இருந்தன. கல்லில் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாருடைய வலது மணிக்கட்டிலும் சில்லென்று ஏதோ ஓடியது.

“எந்த ஊரு?” என்று கேட்டார் பலவேசம் அண்ணாச்சி.

யாரோ ஊர்ப் பேரைச் சொன்னார்கள். அந்தப் பக்கம் போகிற பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும் என்று இன்னொருவர் சொன்னார். அமலோற்பவம் கையைக் கழுவிக்கொண்டு செருப்பைத் தேடினாள், சேரன்குளத்திலிருந்து வந்திருந்த ஹபீபா போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள், லிங்கதுரை மாவுக்கையோடு நிமிர்ந்து நின்றார்.

“பொறுங்க” என்றாள் வடிவு. வாழையிலையை விரித்து, இருந்ததிலேயே நல்லதாக வந்த பரோட்டாக்களாகப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினாள். “அந்தப் பையனோட வீட்ல இன்னிக்கு அடுப்புப் பத்தவச்சிருக்க மாட்டாங்க. கொண்டு போவோம்.”